நரைத்தவர்களின் நெடுஞ்சாலை

மே மாதம் பிறந்து மெல்போர்னில் குளிர் உறைக்கத் தொடங்கியதும் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் ஓர் இடப்பெயர்ச்சி ஆரம்பமாகிவிடும். விக்டோரியா, தாஸ்மேனியா, தென் ஆஸ்திரேலியா என்று தென்மாநிலப் பதிவெண் கொண்ட கார்கள், ஆளுக்கொரு வெள்ளைப் பெட்டியை இழுத்துக்கொண்டு வடக்கே ஏறும். ஓட்டுகிறவருக்கும் நரை, பக்கத்தில் இருப்பவருக்கும் நரை. 'கிரே நோமட்ஸ்', நரைத்த நாடோடிகள் என்று நாடே இவர்களைச் செல்லமாக அழைக்கிறது. பிரிஸ்பேனிலிருந்து கெய்ர்ன்ஸ் வரை கடலை ஒட்டியும் விலகியும் சுமார் 1,700 கிலோமீட்டர் ஓடும் புரூஸ் நெடுஞ்சாலைதான் இவர்களுடைய ராஜபாட்டை. ராக்ஹாம்ப்டன் ஊரருகே மகர ரேகையைத் தாண்டிவிட்டால் வெப்ப மண்டலம். போர்வையை மடித்து வைத்துவிடலாம்.

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் குளுகுளு வண்டி. இங்கே அது ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியரும் பள்ளி ஆசிரியையும் நர்ஸும் இழுத்துப் போகும் ஒற்றை அறை வீடு. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், மூலையில் கழிப்பறை. சிலர் சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வருகிறார்கள், சிலர் விற்றே விட்டார்கள். பிள்ளைகளுக்கு வரவேண்டிய சொத்தைத்தான் செலவழித்துக்கொண்டிருக்கிறோம் என்று வண்டியின் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பவர்களும் உண்டு.

இந்த ஸ்டிக்கரை ஊரிலுள்ள உறவினர்களிடம் சொன்னால் பதில் தயாராக இருக்கும். "வெள்ளைக்காரன் வாழத் தெரிஞ்சவன். நாமதான் பிள்ளை, பேரன்னு கட்டிக்கிட்டு அழுறோம்." எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. பிரிஸ்பேனில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பின், பழைய கேரவன் ஒன்றை வாங்கிக்கொண்டு நானும் மனைவியும் இதே சாலையில் போனோம். அங்கே பார்த்தவரையில், வயதானவர்களின் இந்தச் சுதந்திரத்துக்கும் அவர்களுடைய மனசுக்கும் உள்ள சம்பந்தம் குறைவு. சாலைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் ஓய்வூதியத்துக்கும் உள்ள சம்பந்தம் அதிகம்.

கேரவன் ஓட்டுவதைவிட நிறுத்துவதே கடினம். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் எந்தக் கேரவன் பூங்காவிலும் இந்தக் காட்சியைக் காணலாம். கணவர் காருக்குள், மனைவி பின்னால் புல்தரையில். இழுவண்டியைப் பின்னோக்கித் தள்ளும்போது அது இடப்பக்கம் போகவேண்டுமானால் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பவேண்டும். நாற்பது வருஷம் கார் ஓட்டிய கை அதற்கு எளிதில் இணங்காது. ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டால் கை போகிற பக்கமே வண்டியும் போகும் என்று அனுபவஸ்தர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். "வாங்க... வாங்க... இன்னும் வாங்க... லெஃப்ட்ல ஒடிங்க. ஐயோ, உங்க லெஃப்ட் இல்ல, என் லெஃப்ட்!" இதை மட்டும் தமிழில் கேட்டது அந்தப் பூங்காவுக்குப் புதிதாக இருந்திருக்கலாம். மற்றபடி ஆங்கிலத்தில் அங்கே தினமும் நடக்கிற உரையாடல்தான். சுற்றியிருப்பவர்கள் மடக்கு நாற்காலியில் பீரோடு உட்கார்ந்து, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். நேற்று அவர்களும் அந்த நிலையில்தான் இருந்தார்கள்.

வீட்டில் கணவன் மனைவிக்குத் தனித்தனி எல்லைகள் உண்டு. அவருக்குத் திண்ணை, அவளுக்கு அடுப்படி, இடையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. முப்பது, நாற்பது வருஷங்கள் வேலைக்குப் போய் வந்ததில் இருவரும் முழு நாள் சேர்ந்து இருந்ததே குறைவு. ஆறு மீட்டர் நீளப் பெட்டிக்குள் அந்த எல்லைகள் எதுவும் செல்லாது. ஒருவர் எழுந்தால் மற்றவர் உட்காரவேண்டும். எடையைக்கூடச் சேர்ந்துதான் தீர்மானிக்கவேண்டியிருக்கிறது. கொக்கியில் இறங்கும் பாரம் வண்டியின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கவேண்டும் என்பது இங்குள்ள பொதுவிதி. கனமான சாமான் அச்சுக்கு மேலே இருக்கவேண்டும். பின்பக்கம் பாரம் ஏறினால் நெடுஞ்சாலையில் வண்டி வாலாட்டத் தொடங்கும், ஆட்டம் முற்றினால் காரையும் சேர்த்துக் கவிழ்க்கும். ஆகவே மனைவியின் கிரைண்டரா, கணவரின் தூண்டில் பெட்டியா என்பது ரசனையைப் பற்றிய விவாதம் அல்ல, உயிரைப் பற்றியது. எங்கள் வண்டியில் கிரைண்டர் ஜெயித்தது.

அடுத்தது கழிப்பறை. இதைப் பற்றிப் பயணக் கட்டுரைகளில் ஒருவரும் எழுதமாட்டார்கள். கேரவன் வாழ்க்கையின் மையமே அதுதான். இருக்கைக்கு அடியில், சக்கரம் வைத்த சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி இருக்கும். அதை வண்டியின் வெளிப்பக்கக் கதவு வழியாக உருவலாம். சில நாட்களுக்கு ஒருமுறை அதை இழுத்துக்கொண்டுபோய், ஊராட்சியோ பூங்காவோ அமைத்திருக்கும் 'டம்ப் பாயின்ட்'டில் கவிழ்த்து, குழாயில் அலசி, ரசாயனம் ஊற்றி மறுபடி பொருத்தவேண்டும். காலையில் அங்கே ஒரு சிறு வரிசை நிற்கும். வங்கி மேலாளராக இருந்தவர், கட்டடப் பொறியாளராக இருந்தவர், லாரி ஓட்டியவர் எல்லோரும் அவரவர் பெட்டியைப் பிடித்தபடி வானிலை பேசுவார்கள். இந்த வேலையை ஒரு சில சாதிகளின் தலையில் கட்டிவிட்டு, 1993-லும் பிறகு 2013-லும் சட்டம் போட்டும் இன்னும் முற்றாக நிறுத்த முடியாத நாட்டிலிருந்து வந்தவன் நான். தன் மலத்தைத் தானே சுமக்க ஓய்வுபெற்ற ஒருவர் கூசாமல் நிற்கும் வரிசை எனக்குக் கடலைவிடப் பெரிய காட்சியாக இருந்தது. இந்தக் கூச்சமின்மைக்கும் காரணம் ஏற்பாடுதான். குழாய் இருக்கிறது, கையுறை இருக்கிறது, கவிழ்த்தது பாதாளச் சாக்கடைக்குப் போகிறது. அதனால் அது அருவருப்பு நீங்கி வெறும் வேலையாகிவிட்டது.

என் அம்மா ராமேஸ்வரம் போனதும் திருச்செந்தூர் போனதும் நினைவிருக்கிறது. பஸ் ஏறுவதற்கு முந்தைய ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவாள். வழியில் எங்கே இறங்குவது என்ற பயம். அந்தத் தலைமுறைப் பெண்களிடம் ஊர் சுற்றும் ஆசைக்குக் குறைவே இல்லை. பிள்ளைப் பாசமோ வைராக்கியமோ அவர்களைக் கட்டிப்போடவில்லை. சிறுநீர்ப்பை கட்டிப்போட்டது.

புரூஸ் நெடுஞ்சாலையில் அந்தப் பயம் இல்லை. ஓய்விடம் வருவதை முன்கூட்டியே சொல்லும் பலகை, நிழல், மேசை, பூட்டாத கழிப்பறை. சிற்றூர்கள் பலவற்றில் ஓரிரு இரவு இலவசமாகத் தங்கவும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இது தர்மசிந்தனை மட்டுமல்ல. இரவு தங்குகிறவர் காலையில் பெட்ரோல் போடுவார், பேக்கரியில் 'மீட் பை' வாங்குவார், மருந்துக்கடையில் ரத்த அழுத்த மாத்திரை வாங்குவார் என்ற கணக்கு. கட்டணப் பூங்கா நடத்துகிறவர்களுக்கு இந்த இலவசம் பிடிக்காது. ஊராட்சிக் கூட்டங்களில் இதற்காகச் சண்டை நடப்பதுண்டு.

அயர், ஹோம் ஹில் என்ற இரட்டை ஊர்களுக்கு நடுவே பர்டெகின் ஆறு ஓடுகிறது. கோடைமழையில் அது பெருகினால் வடக்கும் தெற்கும் துண்டிக்கப்பட்டுவிடும். இந்த நிலையை மாற்றியது 1957-ல் திறக்கப்பட்ட பாலம். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அடியில் பாறை எட்டாததால் மணலுக்குள்ளேயே அடித்தளத்தை ஆழ இறக்கிக் கட்டினார்கள். அறுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் ஒரு கையில் ஸ்டீயரிங்கும் மறுகையில் காப்பியுமாக அதைக் கடக்கிறார். அவருடைய சாகசத்தில் அந்தப் பாலம் கட்டிய கூலிக்காரர்களுக்கும் பங்குண்டு.

இயற்கையும் விதிகள் வைத்திருக்கிறது. நவம்பரிலிருந்து மே வரை இந்தக் கடலில் பெட்டிச் சொறிமீன்கள் வரும். உடலில் பட்டால் உயிரையே எடுக்கக்கூடிய நஞ்சு. கரைகளில் வினிகர் புட்டிகளைக் கம்பத்தில் பொருத்தி வைத்திருப்பது அதற்கான முதலுதவிக்காக. கிளாட்ஸ்டனுக்கு வடக்கே ஆற்று முகத்துவாரங்கள் உவர்நீர் முதலைகளின் ராஜ்யம். கோடையில் புயல் வேறு. 2006-ல் 'லேரி' இன்னிஸ்ஃபெயிலைத் தாக்கி வாழைத்தோட்டங்களை வழித்துப் போட, நாடெங்கும் வாழைப்பழம் பொன்விலை விற்றது. 2011 பிப்ரவரியில் 'யாசி' மிஷன் பீச் அருகே கரையேறியது. டல்லி என்ற ஊரில் 7.9 மீட்டர் உயரத்துக்குப் பொன்னிற ரப்பர் பூட்ஸ் ஒன்றைச் சிலையாக நிறுத்தியிருக்கிறார்கள். 1950-ல் அந்த ஊரில் ஒரே வருஷத்தில் பெய்த மழையின் உயரம் அது. ஆகவே நரைத்த நாடோடிகள் வருவது குளிர்காலத்தில் மட்டும். மழை தொடங்குவதற்குள் தெற்கே திரும்பிவிடுவார்கள்.

இதில் ஒரு நஷ்டமும் உண்டு. போவன் ஊருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது மாம்பழம். இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் குதிரை ஏற்றிப்போன வியாபாரிகள் மூலமாக அந்த மாங்கொட்டை இங்கே வந்ததாக நம்பப்படுகிறது. அதன் பருவமோ கோடை. குளிர்காலத்தில் வருகிறவருக்குக் காய் இல்லாத மரமும் ஊர் வாசலில் நிற்கும் பிரம்மாண்ட மாம்பழப் பொம்மையும்தான் மிச்சம். கரும்பு மட்டும் ஏமாற்றாது. ஜூனிலிருந்து வெட்டு நடக்கும். இரண்டடி அகலத் தண்டவாளத்தில் கரும்பு ஏற்றிய குட்டி ரயில் சாலையைக் குறுக்கே கடக்க, நூறு கேரவன்கள் வரிசையாகக் காத்து நிற்கும்.

அந்தக் கரும்பில்தான் இந்தக் கரையின் மற்றொரு பயணக்கதை இருக்கிறது. 1863-லிருந்து 1904 வரை வனுவாட்டு, சாலமன் முதலான பசிபிக் தீவுகளிலிருந்து சுமார் 62,000 பேரை ஒப்பந்தக் கூலிகளாக இங்கே கப்பலேற்றி வந்தார்கள். சிலர் ஆசைகாட்டப்பட்டார்கள், பலர் கடத்தப்பட்டார்கள். முதல் கூட்டத்தைப் பருத்திக் காட்டுக்குக் கொண்டுவந்தவர் ராபர்ட் டவுன்ஸ். டவுன்ஸ்வில் நகரத்துக்கு அவர் பெயர்தான். 1882-ல் இலங்கையிலிருந்தும் சிங்களத் தொழிலாளர்களை மக்காய்க்கும் பண்டபெர்க்குக்கும் இறக்கினார்கள். பிறகு வெள்ளையர் ஆஸ்திரேலியா என்ற கொள்கை வந்தது. 1901-ன் சட்டப்படி, வேர்விட்டு வாழ்ந்த தீவுக்காரர்களில் பெரும்பாலோரை அடுத்த சில ஆண்டுகளில் திரும்பக் கப்பலேற்றினார்கள். வந்ததும் போனதும் அவர்கள் கையில் இருக்கவில்லை.

மிஷன் பீச்சில் இன்று கேரவன்கள் கடல் பார்த்து நிற்கின்றன. அருகே ஹல் ஆற்றங்கரையில் பழங்குடியினரைக் கொண்டுவந்து அடைத்த அரசுக் குடியிருப்பு ஒன்று இருந்தது. 1918-ன் புயலில் அது அழிந்தது. உயிர் தப்பியவர்களைப் பாம் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அதன்பிறகு பல பத்தாண்டுகள், குயின்ஸ்லாந்தின் பல மூலைகளிலிருந்தும் பழங்குடி மக்கள் அந்தத் தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். அனுமதிச் சீட்டில்லாமல் அங்கிருந்து வெளியேற முடியாது. இங்காமுக்கு அருகே தெளிந்த நாளில் கரையிலிருந்தே அந்தத் தீவு தெரியும். பைனாகுலரை எடுத்து வைத்துக்கொண்டு எல்லோரும் திமிங்கலம் தேடுகிறார்கள்.

ஓய்வூதியத்தின் கதையும் இங்கேதான் வந்து சேர்கிறது. தகுதியுள்ளவர்களுக்கு 67 வயதில் அரசு முதியோர் ஓய்வூதியம் தருகிறது. சொத்தும் வருமானமும் பார்த்து அளவு நிர்ணயிப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அது கணக்கில் விழும், ஆள் மெல்போர்னில் இருந்தாலும் மக்காயில் இருந்தாலும். இதற்கு வித்திட்ட சட்டம் 1908-ல் வந்தது. அதே சட்டம் ஆஸ்திரேலியாவில் பிறக்காத ஆசியர்களையும், பசிபிக் தீவுக்காரர்களையும், இந்த மண்ணின் பழங்குடிகளையும் ஒதுக்கி வைத்தது. 1959-ல் பழங்குடிகளுக்கும் உண்டு என்று திருத்தினார்கள். அதிலும் ஒரு விலக்கு. நாடோடியாக அல்லது ஆதிமுறையில் வாழ்கிறவர் என்று துறைத் தலைமை அதிகாரி கருதினால் அவருக்கு ஓய்வூதியம் கிடையாது. அந்த விலக்கு 1966 வரை நீடித்தது.

பருவம் பார்த்து, நீர்நிலை பார்த்து இந்த நிலத்தில் ஆயிரமாயிரம் ஆண்டுகள் இடம் மாறி வாழ்ந்தவருக்கு, இடம் மாறுகிறார் என்பதற்காகவே உதவி மறுக்கப்பட்டது. இன்று பருவம் பார்த்து இடம் மாறுகிற முதியவருக்கு அதே அரசின் பணம் அவர் இருக்கும் இடத்துக்கு வந்து சேர்கிறது. இதற்காக என் பக்கத்துக் கேரவன்காரரைக் குற்றம் சொல்லமாட்டேன். அவர் உழைத்தார், வரி கட்டினார், எங்கள் கொக்கி இறுகிக்கொண்டபோது எண்ணெய் டப்பாவோடு ஓடிவந்தார். நான் சொல்வது இவ்வளவுதான்: அலைவதற்கான உரிமை யாருக்கும் சுபாவத்தினால் வருவதில்லை, அது கொடுக்கப்படுகிறது. கொடுப்பவர்கள் ஒரு காலத்தில் ஆள் பார்த்துக் கொடுத்தார்கள். ஆசியன் என்று ஒதுக்கிய அந்தச் சட்ட வாசகம் நீக்கப்படாமல் இருந்திருந்தால் நானும் இந்தச் சாலையில் இருந்திருக்கமாட்டேன்.

இன்றும் பூங்காவின் பின்வரிசைக்குப் போனால் வேறு கேரவன்களைப் பார்க்கலாம். சக்கரத்தில் காற்றில்லை. கூடாரத்தின் ஓரத்தில் செடித்தொட்டிகள், துணி உலர்த்தும் கம்பி, குழந்தையின் சைக்கிள். ஊருக்குள் வாடகை கட்ட முடியாமல் வந்து தங்கியவர்கள் இவர்கள். தனியாக வாழும் வயதான பெண்களும் இதில் உண்டு. இந்த நாட்டில் 55 வயது தாண்டிய பெண்களிடையே வீடின்மை வளர்ந்து வருவதைப் பற்றி அறிக்கை மேல் அறிக்கை வந்துகொண்டிருக்கிறது. முன்வரிசையில் இருப்பவர்களுக்கும் பின்வரிசையில் இருப்பவர்களுக்கும் குளியலறை ஒன்றுதான், துவைக்கும் இயந்திரமும் ஒன்றுதான். ஒரே மாதிரிப் பெட்டியில் ஒருவர் வீட்டை விட்டுவிட்டு வந்து இருக்கிறார், மற்றவர் வீடு கிடைக்காமல் இருக்கிறார்.

முன்வரிசைக்கும் காலக்கெடு உண்டு. மாலை நாற்காலிகள் கூடும்போது பேச்சு மீனில் தொடங்கி முழங்காலில் போய் முடியும். யாருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், எந்த ஊர் மருத்துவமனையில் கண் பார்க்கிறார்கள், யார் இந்த வருஷம் வரவில்லை. பழைய கேரவன் விற்பனை விளம்பரங்களில் உடல்நலக் குறைவால் விற்கிறோம் என்ற வாசகம் அடிக்கடி கண்ணில் படும். பின்னோக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டும். கணவர் போனபிறகு தானே ஓட்டக் கற்றுக்கொண்டு தனியாக வருகிற பெண்கள் இருக்கிறார்கள்தான். அவர்களுக்குப் பின்னால் நின்று கைகாட்ட அக்கம்பக்கத்தார் எழுந்து வருவார்கள். ஆனாலும் பெரும்பாலான வண்டிகள் இருவரில் ஒருவரோடு நின்றுவிடுகின்றன.

கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. தமிழ்நாட்டிலும் அப்படி வரவேண்டும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை வண்டியிலேயே தங்கிப் போகவேண்டும் என்று நண்பர்கள் சிலர் ஆசையோடு எழுதுகிறார்கள். வரட்டும். ஆனால் வசதியுள்ள பத்துப் பேர் கேரவன் வாங்குவதால் நம் முதியவர்கள் ஊர் சுற்றத் தொடங்கிவிடமாட்டார்கள். தமிழ்நாட்டு அரசின் முதியோர் உதவித்தொகை 2023-ல்தான் மாதம் 1,200 ரூபாய் ஆனது. அதில் மருந்து போக மிஞ்சுவது பஸ் டிக்கெட்டுக்கே காணாது. மகாபலிபுரத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே, எழுபது வயதுப் பெண் ஒருத்தி யாரையும் கேட்காமல் இறங்கிப் போகக்கூடிய, தண்ணீர் வருகிற, பூட்டாத கழிப்பறை எத்தனை என்று அடுத்தமுறை அந்த வழியாகப் போகிறவர்கள் எண்ணிப் பாருங்கள். முதலில் அதைக் கேட்டு வாங்குவோம். கேரவனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.